கோலிவாடா தாண்டினால் வடாலா

உயிர் போகப்போகிறது என்று நான் முழுமையாக நம்பிய இடம், மும்பையின் ஹார்பர் லைன் மின்ரயில் பாதையில் சுனாபட்டிக்கும் குரு தேக் பகதூர் நகருக்கும் நடுவில் இருக்கிறது. 2023 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. செம்பூரில் ஏறியிருந்தேன். குர்லாவில் ஏறிய கூட்டம் என்னைப் பெண்கள் பெட்டியின் இருக்கைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியிருந்தது. பதினெட்டு வருடமாக இதே கூட்டத்தில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். அன்று காலை வீட்டில் சண்டை இல்லை, அலுவலகத்தில் அவசர வேலை இல்லை, காய்ச்சல்கூட இல்லை. வண்டி சிக்னலுக்காக நின்றது. அவ்வளவுதான் நடந்தது.

முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு உதட்டோரம். நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டு இடிப்பதுபோல் ஒரு சத்தம், அது காதில் கேட்டது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதியில் நின்றது. பக்கத்தில் நின்றவர்களின் முகங்கள் கண்ணாடிக்கு அந்தப்புறம் இருப்பவைபோல் தள்ளிப்போயின. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மாத்திரை, பூட்டாமல் வந்த பால்கனிக் கதவு எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. ‘முருகா’ என்று சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது எனக்குத் தெரியாது.

எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் அதைக் கேட்டிருக்கிறார். அறுபது வயது இருக்கலாம். மான்குர்டில் ஏறுபவர், ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை என்று பிறகு சொன்னார். எழுந்து என்னைத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, முன்னால் நின்றுகொண்டு, தமிழில் கேட்டார்: “அடுத்த ஸ்டேஷன் என்ன, சொல்லு தாயி.”

எனக்கு வாய் வரவில்லை.

“கோலிவாடா. கோலிவாடா தாண்டினால்?”

குரு தேக் பகதூர் நகருக்குப் பெயர் மாறிப் பல காலம் ஆகிவிட்டது. பழைய தமிழர்களுக்கு அது இன்னும் கோலிவாடாதான். என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

“வடாலா,” என்றேன்.

“வடாலா தாண்டினால்?”

“சிவ்ரி.”

வண்டி கிளம்பியது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கேள்வி. காட்டன் கிரீன். ரே ரோடு. டாக்யார்ட் ரோடு. இடையில் வேறு எதுவும் பேசவில்லை. என்ன ஆயிற்று, சாப்பிட்டாயா, வீட்டில் பிரச்சினையா என்று ஒரு விசாரணையும் இல்லை. அவருடைய இடது மணிக்கட்டில் இரண்டு ரப்பர் பாண்டுகள் இருந்தன. அதில் ஒன்றை நான் விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். சுள்ளென்று பட்டிருக்கும். அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு வருவதற்குள் மூச்சு முழுதாக உள்ளே இறங்கியது. மஸ்ஜித்தில் எனக்கு அழுகை வந்தது. கடைசி நிலையமான சிஎஸ்எம்டியில் இறங்கியதும், “என் தம்பிக்கும் இப்படித்தான் வரும், போய்விடும்” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு நடந்து போய்விட்டார்.

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனோம். இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல்முறை நெஞ்சில் வலியோ அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால், வெறும் பயம்தான் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். மாரடைப்பும் இதே முகத்தோடு வரும். பெண்களுக்கு அது தாடை வலியாகவும் குமட்டலாகவும் முதுகு வலியாகவும்கூட வரும். பார்த்துத் தெளிவது மருத்துவர் வேலை. எனக்கு இசிஜி எடுத்தார்கள், மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், இரத்தசோகை பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. “ஒன்றுமில்லை அம்மா, டென்ஷன், ஓய்வெடுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ‘ஒன்றுமில்லை’ மூன்று மாதம் என்னைத் துன்புறுத்தியது. சொன்னவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் கேட்ட எனக்கு, என் உடலில் நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று சொல்வதுபோல் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் மேலும் இரண்டு முறை நடுராத்திரியில் அவசரப் பிரிவுக்குப் போனேன். தூக்கத்திலிருந்தேகூட அது எழுப்பிவிடும். இரண்டு முறையும் அதே இசிஜி, அதே பதில்.

நான் வேலை பார்ப்பது மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவில். மூன்றாவது முறை தந்த சீட்டில் ஒரு மூலையில் எஃப் 41.0 என்று எழுதியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் உள்ள எண் அது. வருடக்கணக்காக என் கணினித் திரையில் அந்த எண் வந்துபோயிருக்கிறது. ‘பானிக் டிஸார்டர்’, அதாவது திடீர் திடீரென்று பீதி வந்து தாக்கும் நோய், என்று பக்கத்தில் போட்டிருக்கும், நான் தொகையைப் பார்த்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுவேன். எத்தனை பேர் இப்படி மரத்துப்போன விரல்களோடு அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்களோ என்று அன்று நினைத்தேன். இன்னும் நினைக்கிறேன்.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டாலும் பயம் போகவில்லை. அது ஊரைத்தான் சுருக்கியது. வண்டியில் வந்ததால் வண்டியை விட்டேன். செம்பூரிலிருந்து ஃபோர்ட்டுக்கு ஷேர் டாக்ஸியில் ஈஸ்டர்ன் ஃப்ரீவே வழியாகப் போக ஆரம்பித்தேன். 2013-இல் திறந்த அந்தச் சாலையில் ஆட்டோவும் இருசக்கர வாகனமும் கிடையாது. நடுவில் நின்று இறங்கவும் முடியாது. செம்பூர்ப் பக்கம் பாஞ்சராப்போல் அருகே ஒரு சுரங்கப்பாதை வரும். இரண்டாம் வாரம் அந்தச் சுரங்கத்துக்குள் படபடப்பு வந்தது. பக்கத்தில் இருந்த மூன்று ஆண்களும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி, வெளிச்சம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஃப்ரீவேயும் போயிற்று. அடுத்தது லிஃப்ட். அடுத்தது உறவினர் கல்யாணங்கள், ஏனென்றால் மண்டபத்தில் நடுவரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். கடைசியில் காய்கறிச் சந்தைக்குப் போவதற்கே கணவர் வர வேண்டியிருந்தது.

அவர் வந்தார். சலிக்காமல் வந்தார். ஆனால் ஆரம்பத்தில் அவரும் ‘ஒன்றுமில்லை’ கட்சிதான். “மனதைத் திடப்படுத்திக்கொள்,” “நல்லதையே நினை,” “ஆழமாக மூச்சை இழு.” ஒருநாள் ராத்திரி, படபடப்பு அடங்கிய பிறகு, அவரிடம் சொன்னேன்: “நான் கிணற்றுக்குள் இருக்கிறேன். நீங்கள் மேலே நின்றுகொண்டு கிணறே இல்லை என்கிறீர்கள்.” அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ரயில் அம்மாள் என்ன செய்தார், அப்படியே சொல்” என்றார். சொன்னேன். இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். ஒரு தாளில் நிலையங்களின் பெயர்களை வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த வரிசை மனப்பாடம்தான். ஆனாலும் எழுதிக்கொண்டார்.

அம்மாவின் வழி வேறு. அவருக்கு இது வாயு. ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், நெற்றியில் விபூதி. முதலில் எனக்குக் கோபம் வந்தது. இப்போது கோபமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்து, ஆற்றி, டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை தரையில் உட்கார்ந்திருப்பார். ஓமம் என்ன செய்ததோ, அவர் உட்கார்ந்திருந்தது வேலை செய்தது. ஒரு ராத்திரி அவரே சொன்னார்: கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வந்த புதிதில், தண்ணீர் வரிசையில் நிற்கும்போது அடிவயிற்றிலிருந்து ஏதோ பிசைந்துகொண்டு மேலே வருமாம், குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவருவாராம். யாரிடமும் சொன்னதில்லை. நாற்பத்தைந்து வருடம். “சொன்னால் பேய் பிடித்தது என்பார்கள், பைத்தியம் என்பார்கள், இரண்டில் எது வேண்டும்?” என்றார்.

பரேல் பக்கம் ஒரு மாநகராட்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு என்னை அழைத்துப் போனதும் கணவர்தான். பத்து ரூபாய்க்குக் கேஸ் பேப்பர் எடுத்து, நீண்ட பெஞ்சில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். அங்கிருந்த உளவியலாளர் ஒரு மராத்திப் பெண்மணி. இந்தியில் பேசினார். கேஸ் பேப்பரின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு மலை வரைந்தார். சரசரவென்று ஏறி, உச்சி தொட்டு, மெதுவாக இறங்கும் ஒரு கோடு.

அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது. புலியே இல்லாதபோது அந்த மணி அடித்துவிடுவதுதான் இது. ஓடாமல் நின்ற இடத்தில் மூச்சு வாங்கினால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். விரல் மரப்பதும் உதடு மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். ஆகவே ‘ஆழமாக இழு’ என்பது பல நேரம் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதாகிவிடும். இழுப்பதைவிட விடுவதை மெதுவாக்க வேண்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடுவதை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. மயங்கி விழுந்துவிடுவேனோ என்று கேட்டேன். மயக்கம் பெரும்பாலும் இரத்த அழுத்தம் இறங்கும்போது வரும், இதில் அது ஏறுகிறது என்றார். உச்சி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும், பிறகு இறக்கம்தான்.

பிறகு பேனாவை மலை உச்சிக்குச் சற்று முன்னால் வைத்து, ஒரு கோடு கீழே இழுத்தார். “நீங்கள் இங்கே இறங்கிவிடுகிறீர்கள். சிவ்ரியில், காட்டன் கிரீனில், எங்கேயோ. அதனால் இந்த இறக்கத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று உங்கள் மூளை எழுதிவைத்துக்கொள்கிறது.”

அடுத்து என் கணவரைப் பார்த்துச் சொன்னதுதான் எங்கள் இருவரையும் உலுக்கியது. “நீங்கள் கையைப் பிடித்திருக்கும்போதும் அதேதான் நடக்கிறது. இவர் இருந்ததால் பிழைத்தேன் என்று எழுதிக்கொள்கிறது.”

அவருக்கு முகம் வாடிவிட்டது. நாலு மாதமாக அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய், என்னை வாசல்வரை விட்டுவிட்டு ஓடியவர். அது தவறா என்று கேட்டார். இல்லை, அது இல்லாமல் இவர் இந்த நாற்காலிவரை வந்திருக்க மாட்டார், ஆனால் இனி விலகுவதையும் அளந்து செய்ய வேண்டும் என்றார் அந்தப் பெண்மணி.

துணை என்றால் பக்கத்தில் இருப்பது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அதில் முதல் பாதிதான் அது. இரண்டாவது பாதி, எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது, எப்போது தள்ளி நிற்பது என்பது. அந்த வரிசையும் மாறக் கூடாது. கிணற்றில் கிடப்பவளிடம் முதல் நாளே ‘தனியாகப் போய்ப் பழகு’ என்று சொல்வது கொடுமை. இரண்டு வருடம் கழித்தும் கையைப் பிடித்தே கூட்டிப்போவது வேறு வகைக் கொடுமை, அன்பாகச் செய்தாலும்.

அந்தப் பிரிவின் மனநல மருத்துவர் மாத்திரையும் கொடுத்தார். தினமும் சாப்பிட வேண்டிய வகை. வேலை செய்ய நாலைந்து வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கூடினாலும் நிறுத்தக் கூடாது, நிறுத்துவதானால் படிப்படியாகத்தான் என்றார். உடனே அடக்கும் மாத்திரை சில நாளுக்கு மட்டும், அது பழக்கமாகிவிடும் என்பதால். காப்பியைக் குறைக்கச் சொன்னார். தமிழ் வீட்டில் இதுதான் எல்லாவற்றிலும் கடினம். காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்தினேன்.

பிறகு பயிற்சி. பயத்தின் அறிகுறிகளை நாமே வரவழைத்து, அவை வந்துபோவதைப் பார்ப்பது. நெஞ்சு படபடக்கும்படி படி ஏறுங்கள் என்றார் உளவியலாளர். எங்கள் பக்கத்தில் படிக்குப் பஞ்சமில்லை. சேடா நகரில் திருச்செம்பூர் முருகன் கோயில் இருக்கிறது, நூற்றெட்டுப் படி. சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் போவேன். முதல் நாள் முப்பதாவது படியிலேயே இதயம் அந்த உலக்கைச் சத்தத்தைத் தொடங்கியது. கைப்பிடிச் சுவரில் கை வைக்காமல் நின்றேன். கை வைக்கக் கூடாது என்பது உளவியலாளரின் கட்டளை. மரத்த விரல்களை உள்ளங்கையில் மடக்காமல் விரித்தபடியே வைத்திருந்தேன். கீழே ஒரு பூக்காரர் வாழைநாரை நனைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் சத்தம் குறைந்தது. தானாகக் குறைந்தது. யாரும் என் கையைப் பிடித்திருக்கவில்லை, நான் எங்கும் ஓடவும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இறக்கத்தைப் பார்த்தேன். அம்மா நான் ஏதோ வேண்டுதலை நிறைவேற்றுவதாக நினைத்து, அடுத்த சனிக்கிழமை சூடத்துக்குக் காசு கொடுத்தனுப்பினார்.

வண்டிக்குத் திரும்பியது ஜூலையில். முதல் வாரம் கூட்டமில்லாத பகல் நேரத்தில், பொதுப் பெட்டியில், இருவரும் அடுத்தடுத்து. இரண்டாம் வாரம் நான் பெண்கள் பெட்டியில், அவர் ஒட்டிய பொதுப் பெட்டியில். நடுவில் ஒரு தடுப்பு. குர்லாவில் கூட்டம் ஏறும்போது அந்தத் தடுப்பைப் பார்ப்பேன். அவர் முகம் தெரியாது, அங்கே இருக்கிறார் என்பது தெரியும். மூன்றாம் வாரம் இரண்டு பெட்டி தள்ளி. நாலாம் வாரம் அடுத்த வண்டியில். அன்று கோலிவாடா தாண்டும்போது வந்தது. நல்ல பலமாகவே வந்தது. செல்போன் கையில்தான் இருந்தது. அவரை அழைக்கவில்லை. வடாலா, சிவ்ரி, காட்டன் கிரீன் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சிஎஸ்எம்டி நடைமேடையில் அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தேன். இறங்கி வந்தவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மழை இல்லை. அவருக்கு வியர்த்திருந்தது. அந்த ஏழெட்டு நிமிடம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

துணைக்கு இருப்பவருக்கும் ஒரு துணை தேவைப்படுகிறது. அவர் தன் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் மாதம் ஒருமுறை அவரை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, என் பேச்சையே எடுக்காமல் இரண்டு மணி நேரம் கிரிக்கெட் பேசிவிட்டு அனுப்புவார்.

வீட்டில் யாரையும் எழுப்ப மனமில்லாத ராத்திரிகளும் இருந்தன. அப்போது 14416-க்குப் பேசினேன். மத்திய அரசின் டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். மும்பையில் நாள் முழுவதும் இந்தியிலும் மராத்தியிலும் சமாளிக்கிறேன், ஆனால் ‘நெஞ்சைப் பிசைகிறது’ என்பதை நான் தமிழில்தான் சொல்ல முடியும்.

அலுவலகத்தில் ஒரு வருடம் மறைத்தேன். இசிஜி எடுத்த பில்லைக்கூடக் கோரிக்கையில் சேர்க்காமல் விட்டேன். மனநோய்ச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21-ஆவது பிரிவில் சொல்கிறது. அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையில் இருந்துகொண்டே என் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூசினேன். பிறகு ஒரு மதியம், சாப்பாட்டு அறையில், எனக்கு எதிரே உட்காரும் தோழியிடம் சொன்னேன். அவள் தயிர்சாதத்தை மூடிவைத்துவிட்டு, “எப்படி வரும், என்ன செய்ய வேண்டும் என்று சொல், எழுதிக்கொள்கிறேன்” என்றாள். சொன்னேன்: பக்கத்தில் உட்கார். கூட்டம் சேரவிடாதே. தண்ணீரை முகத்தில் தெளிக்காதே. ஒன்றுமில்லை என்று சொல்லாதே. நிலையங்களின் பெயரைக் கேள். அதற்குப் பிறகு அந்த அறையில் எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. ஆனாலும் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

1871-இல் ஜேகப் டகோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களின் படபடப்பைப் பற்றி எழுதினார். நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு வாங்கியது, இதயத்தில் நோய் தென்படவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பானிக் டிஸார்டரைத் தனி நோயாகப் பட்டியலிட்டது 1980-இல். இதை அம்மாவிடம் சொன்னபோது, வருடத்தை மறுபடி கேட்டார். “எண்பதில்தான் நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்,” என்றார்.

மாத்திரையைப் போன வருடம் படிப்படியாக நிறுத்தினேன். வண்டியில் தனியாகப் போகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது எட்டிப் பார்க்கும், பார்த்துவிட்டுப் போகும். லிஃப்ட் சரியாகிவிட்டது, கல்யாண மண்டபமும் சரியாகிவிட்டது. ஃப்ரீவே சுரங்கம் மட்டும் பாக்கி. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து டாக்ஸி சொல்லியிருக்கிறோம். இரண்டு டாக்ஸி. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. நான் முன்னால் போவேன். அவர் பாஞ்சராப்போலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் பின்னால் வருவார். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவரோடு பேசிக்கொண்டிருக்கச் சொல்லி அவருடைய அண்ணனுக்கு நேற்றே போன் செய்துவிட்டேன்.